பௌர்ணமிக்கு விடுகிற ரூம்

கீர்த்தனா பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மா சந்திரம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"பாப்பா, கட்டாத. புயல் வருதுன்னு மெட்ராஸ்காரங்க வரலியாம். இன்னிக்கு நீயே படுத்துக்கோ."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். புயலாவது ஒன்றாவது! வெளியே ஒரு சொட்டு விழவில்லை.

கீர்த்தனாவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பிறகு சிரிப்பு வந்தது. பாயை உதறி விரித்து அதன் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

அடி அண்ணாமலையில் இந்த ஒற்றை ரூம் கிடைத்ததே பெரிய கதை. காலேஜுக்குப் பக்கத்தில் விசாரித்த இடமெல்லாம் அட்வான்ஸ் எவ்வளவு என்று சொன்னதுமே காது அடைத்துப்போனது. சந்திரம்மாள் மட்டும் பாதி வாடகைக்குத் தருகிறேன் என்றாள், ஒரே ஒரு கண்டிஷனோடு. பௌர்ணமியன்று ரூமைக் காலி செய்துவிட வேண்டும். கிரிவலம் வருகிற குடும்பம் ஏதாவது தங்கும். விடிந்ததும் திரும்ப வந்துகொள்ளலாம்.

மாசத்தில் ஒரு ராத்திரிதானே என்று இவளும் தலையாட்டிவிட்டாள்.

அந்த ஒரு ராத்திரிக்கு எங்கே போவது? கூடப் படிக்கிற பெண்கள் நன்றாகத்தான் பேசுகிறார்கள், வீட்டுக்கு வா என்று ஒருத்தியும் கூப்பிட்டதில்லை. செய்யாறு பக்கம் ஊருக்குப் போனால், திடீரென்று ஏன் வந்தாய் என்ற கேள்வி வரும். ரூம் விஷயம் தெரிந்தால் அம்மா மறுநாளே மூட்டையைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லிவிடுவாள். படிப்பு அதோடு போச்சு.

அதனால் நடந்தாள். ஊரே நடக்கிற ரோட்டில் ஒருத்தி போக இடமில்லாமல் நடக்கிறாள் என்று யார் கண்டார்கள்? எல்லாரும் வெறுங்காலோடு நடந்தார்கள், அவளும் வெறுங்காலோடு நடந்தாள். கூட்டத்தில் எல்லாரும் யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். அவளைக் கூப்பிடத்தான் ஆளில்லை.

முதல் பௌர்ணமியிலேயே அம்மா வள்ளி போன் செய்தாள். பின்னால் அரோகரா சத்தம் கேட்டு, எங்கே இருக்கிறாய் என்றாள். கிரிவலம் சுத்துறேன்மா என்றாள் இவள். அது பொய்யில்லையே! பக்கவாதத்தில் படுத்த அப்பாவுக்காக மகள் மலையைச் சுற்றுகிறாள் என்று வள்ளி ஊரெல்லாம் சொல்லி அழுதாள். இவளும் வாயை மூடிக்கொண்டாள்.

மாசா மாசம் அப்படியே ஓடிவிட்டது.

இன்றைக்கு அந்த வேலை இல்லை. குதிகால் வெடித்துக் கிடக்கிறது, காலையிலிருந்து காய்ச்சல் வேறு. படுத்தால் போதும் சாமி என்றிருந்தது.

ரூமுக்கு இருப்பது ஒரே ஜன்னல், மலையைப் பார்த்த ஜன்னல். நிலா மலைக்கு மேலே ஏறினால் வெளிச்சம் நேராகப் பாயில் வந்து விழும் என்று சந்திரம்மாள் பெருமையாகச் சொல்வாள். மெட்ராஸ்காரர்கள் பார்த்திருப்பார்கள். இங்கேயே குடியிருக்கிற இவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அதை நினைத்தாலே வயிறு எரியும்.

லைட்டை அணைத்துவிட்டு மல்லாந்து படுத்தாள். மலை விளிம்பில் லேசாக வெளுக்கத் தொடங்கியிருந்தது.

போன் அடித்தது. அம்மா.

"கிளம்பிட்டியாடி? அப்பா இன்னிக்கு செவுத்தப் புடிச்சிக்கினு நாலு அடி வெச்சாருடி! நீ சுத்தி முடிச்சேன்னு சொன்னாதான் கஞ்சி குடிப்பேன்னு மலைப் பக்கம் திரும்பி உக்காந்துகினு இருக்காரு."

கோயில் வாசலை மிதிக்காத அப்பா. சாமி கும்பிடுகிறவர்களை எல்லாம் உட்காரவைத்துக் கிண்டல் செய்கிற அப்பா.



"தோ, நடந்துகினு இருக்கேன்மா" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

இத்தனை மாசத்தில் அம்மாவிடம் அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.

சொன்னால் என்ன? விடிவதற்குள் ஒரு போனைப் போட்டு, முடிச்சிட்டேன்மா என்றால் யாருக்குத் தெரியப்போகிறது? போர்வையை இழுத்துக் கண்ணை மூடிப் பார்த்தாள். மூடினால், அப்பாவுக்குப் பக்கத்தில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

எழுந்து பாயைச் சுருட்டினாள். செருப்பை மூலையில் தள்ளிவிட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. பார்த்துவிட்டால் கால் நகராது என்று அவளுக்குத் தெரியும்.

சந்திரம்மாளின் வீட்டுக் கதவைத் தட்டி, ரூம் சாவியை நீட்டினாள்.

"யாராச்சும் ரூம் கேட்டு வந்தா விட்டுடுங்கக்கா. நான் விடிஞ்சிதான் வருவேன்."