ரியோசோ பாத்திரம் கழுவினார்

"அக்கா, அவர் பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கார்."

தொலைபேசியில் தங்கை தோமியேவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. கினுயோ குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்தாள்.

"யாரு?"

"என் வீட்டுக்காரர்தான். இப்ப கோப்பையை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுக் கறை போயிடுச்சான்னு பார்க்கிறார்."

ரியோசோ மாப்பிள்ளை கல்யாணமான நாளிலிருந்து ஒரு கரண்டியைக்கூட இடம் மாற்றி வைத்தவரில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து "டீ" என்பார், டீ வரும். அதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல்தான் நாலு வருஷத்துக்கு முன் புத்தாண்டு விருந்தில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் கினுயோ ஒரு வார்த்தையை விட்டுவிட்டாள்.

"இந்த மனுஷன் என்னிக்குத் தன் கோப்பையைத் தானே கழுவுறாரோ, அன்னிக்குத்தான் உன் வீட்டுப் படியேறுவேன்."

விட்டவளுக்கே மறுநாள் வருத்தம்தான். ஆனால் சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது? பஸ் ஏறினால் கால் மணி நேரத் தூரம். அக்காளும் தங்கையும் அன்று முதல் தொலைபேசியிலேயே உறவாடிக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து டாக்டர் ஃப்ளூன்னு சொல்லிட்டார், மாத்திரையும் ஆரம்பிச்சாச்சு" என்று கிசுகிசுத்தாள் தோமியே. "அதனாலதான் இப்படியெல்லாம் ஆகுதோ? பயமா இருக்குக்கா. ராத்திரி மாத்திரையை நிறுத்திடலாமா?"

கினுயோ மருந்துக்கடையில் நின்றே தலை நரைத்தவள். குளிர்காலம் வந்தால் தூக்கத்தில் கேட்டாலும் இதைத்தான் ஒப்பிப்பாள்.

"நீயா நிறுத்தாதே. அஞ்சு நாளும் முழுசாப் போடணும். குமட்டினா சாப்பாட்டோட போடணும். ஆனா முதல் ரெண்டு நாள் ஆளைத் தனியா மட்டும் விடக்கூடாது. சில பேர் பேத்துவாங்க, எழுந்து ஓடுவாங்க, இல்லாததைப் பார்ப்பாங்க. மருந்தாலயா காய்ச்சலாலயான்னு யாருக்கும் சரியாத் தெரியாது."

"இல்லாததைப் பார்ப்பாங்களா?" தோமியேவின் குரல் இன்னும் உள்ளே போயிற்று.

"சின்னப் பசங்களுக்குத்தான் அதிகம் வரும். உன் வீட்டுக்காரருக்கு வயசு மட்டும்தானே ஆச்சு. நீ முதல்ல பால்கனிக் கதவைப் பூட்டு, மூணாவது மாடி. நான் இதோ வர்றேன்."

"நீயா? இங்கயா?"

பதில் சொல்லக் கினுயோ அங்கே இல்லை. பனிக்காலணியில் ஒரு காலை நுழைத்திருந்தாள்.

கதவைத் திறந்தது ரியோசோதான். முகக்கவசம் போட்டிருந்தார், அது ஊரே போடுகிற காலம். ஆனால் இடுப்பில் தோமியேவின் பூப்போட்ட ஏப்ரன். முழங்கை வரை சோப்பு நுரை. ஒரு கையில் காய்கறிக் கத்தி.

"வாங்க அண்ணி. இந்தப் பனியில வந்திருக்கீங்களே, சூடா ஒரு டீ போட்டுத் தரட்டுமா?"

முற்றிவிட்டது என்று கினுயோ முடிவு கட்டினாள். கத்தியைப் பிடுங்கி அலமாரி உச்சியில் வைத்தாள். உள்ளே, அடியில் சூடு வைத்துச் சுற்றிலும் போர்வை தொங்கவிட்ட கணப்பு மேசைக்குள் கழுத்து வரை புதைந்து, முகக்கவசத்துக்கு மேல் கண் இரண்டும் பிதுங்க, தோமியே இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. பாவம், அரண்டு போயிருக்கிறாள்.

"படுங்க மாப்பிள்ளை."

"நான் எதுக்கு அண்ணி? டாக்டர் ரெண்டு நாள் தனியா விடாதீங்கன்னு சொன்னார். அதான் வேலைக்கு லீவு போட்டுட்டு..."

"அதைத்தான் நானும் சொல்றேன். படுங்க."

சோற்றுருண்டையைக் கடற்பாசியில் சுற்றுவதுபோல் அவரை மெத்தைப் போர்வையில் சுற்றி, ஓடிவிடாமல் அதன் ஓரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கையைத் தூக்கச் சொல்லி அக்குளில் வெப்பமானியைச் செருகினாள். முப்பத்தாறரை.

"பார்த்தீங்களா? எனக்குக் காய்ச்சலே இல்ல."

"மருந்து கேக்குது. அதுக்காக மிச்சத்தைப் போடாம விடக்கூடாது."

"அண்ணி, அடுப்புல கஞ்சி இருக்கு. அடி பிடிச்சிடும்."

கஞ்சி வேறா. கினுயோவுக்குக் கண் கலங்கிவிட்டது. சோம்பேறியாக இருந்தாலும் மனுஷன் இத்தனை காலம் தெளிவாக இருந்தார். நாலு வருஷத்துக்கு முன் நாம் விட்ட வார்த்தைதான் இப்படிப் பலித்துவிட்டதோ?

"இனிமே நீங்க ஒரு கோப்பையும் கழுவ வேண்டாம் மாப்பிள்ளை. நான் சொன்னதை மறந்துடுங்க. பழையபடி ஆனா அதுவே போதும்" என்று மூக்கை உறிஞ்சினாள். "தோமியே, அந்த மாத்திரையை எடு."

தோமியே போர்வைக்குள்ளிருந்து ஒரு விரலை மெல்ல நீட்டி, அக்காவின் கன்னத்தில் குத்திப் பார்த்தாள்.

"அக்கா, நீ நிஜமாவே வந்திருக்கியா?"

"பின்ன, என் ஆவியா வந்திருக்கு?"

"அப்ப அவர் ஏப்ரன் கட்டிக்கிட்டு நின்னது? அது உன் கண்ணுக்கும் தெரிஞ்சுதா?"

"தெரியாமலா அவரைச் சுருட்டி வெச்சு மேல உக்காந்திருக்கேன்?"

தோமியே நீளமாக ஒரு மூச்சு விட்டாள். முகக்கவசத்தைக் கழற்றினாள், முகம் நெருப்பாய்ச் சிவந்திருந்தது. மாத்திரையைப் பிதுக்கித் தன் வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தாள்.

"ஃப்ளூ எனக்குத்தான்க்கா. முதல்ல அவர் கையில சோப்பு நுரை, அப்புறம் நம்ம வாசல்ல நீ. மாத்திரை மூளைக்கு ஏறி இல்லாததெல்லாம் தெரியுதுன்னு நினைச்சு, இவ்வளவு நேரம் மூச்சுக் காட்டாம உக்காந்திருந்தேன்."