வாய்ப்பூட்டுக்கு ஒரு டீ

"கொலைகாரன் யாருன்னு சொல்லாம இருக்க ஒரு டீ. இந்தா, சூடா இருக்கு. குடிச்சிட்டு வாயை மூடிக்கிட்டு உக்காரணும்" என்றபடி நாவலைப் பிரித்தார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

எதிரே சாய்வு நாற்காலியில், தன் வீட்டு முன்னறையிலேயே கைதி மாதிரி பூட்டுக்கடைக்காரர்.

ஸ்வீடன், நார்வே துப்பறியும் நாவல்களின் மொழிபெயர்ப்புகளைக் கண்ணாடிக்காரருக்குப் பழக்கிவிட்டவரே அவர்தான். "படிச்சுப் பாரு, கோடையிலயே கம்பளி தேடுவே" என்று ஒவ்வொன்றாகச் சிபாரிசு செய்வார். பாதிப் புத்தகம் தாண்டியதும் கொலைகாரனையும் காட்டிக்கொடுத்துவிடுவார். வாயடைக்க வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டே சொல்வார். ஊருக்கெல்லாம் பூட்டு விற்ற மனிதர், தன் வாய்க்கு மட்டும் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

"நீ கடைசியாச் சொன்ன புஸ்தகம் இது. இதுலயாவது கொலைகாரனை நானே பிடிக்கிறேன். டாக்டர்தானே? பனியில காலடி படாம நடந்தவன் வேற யாரு?"

பூட்டுக்கடைக்காரர் முறைத்தார்.

"முறைக்காதே. அப்ப பாதிரியார். ஆளு ரொம்ப நல்லவனா இருக்கான், அதுவே சரியில்ல."

பூட்டுக்கடைக்காரரின் முகம் சிவந்தது. இடது கை நாற்காலியைப் பிறாண்டியது.

"ஏண்ணே அவரைச் சீண்டுறீங்க?" என்றாள் கதவருகே நின்ற அவர் மனைவி.

"சும்மா இரும்மா, வியாபாரம் படியிற நேரம்" என்றவர், புத்தகத்தை விரலால் தட்டினார். "சரி, முடிவு பண்ணிட்டேன். அந்த இன்ஸ்பெக்டர் வளர்க்குற நாய்தான் கொலை பண்ணியிருக்கு."

இதற்கு மேல் எந்த வாசகனால் பொறுக்க முடியும்? பூட்டுக்கடைக்காரரின் வாய் கோணியது, துடித்தது, திறந்தது.

"த... தபால்காரி. ம... மடையா."

மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணாடிக்காரர் நிதானமாகப் புத்தகத்தை மூடினார். அதை அவர் எப்போதோ படித்து முடித்துவிட்டார். தபால்காரிதான் என்பது அவருக்கும் தெரியும்.

பக்கவாதம் வந்து நாலு மாதமாகப் பூட்டிக் கிடந்த வாய் அது.

"இனிமே எல்லாக் கொலைகாரனையும் இவனே சொல்லட்டும்மா" என்றார் கண்ணாடிக்காரர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "இத்தனை வருஷம் வாங்கிக் கொடுத்த டீக்கெல்லாம் இன்னியோட கணக்கு நேர்."