செருப்போடு ஏறியதாக

கொட்டகலையில் ஒரு புடவைக் கடையின் பின்னறையில் முதலாளி பழனியாண்டி சுழல் நாற்காலியிலும், கேஷியர் றோலண்ட் மேசையோரத்திலும், கடையில் வேலை செய்யும் லோஜினி துணிப் பொதியின் மேலும் உட்கார்ந்திருக்கிறார்கள். போன வாரம் கடை ஏணியின் படி முறிந்து அவள் விழுந்தபோது, அலமாரியின் இரும்புக் கொக்கி வலக்கையில் இரண்டு விரல்களைப் பிய்த்தெடுத்துவிட்டது. நட்டஈட்டுக்காகத் தொழில் கந்தோருக்கு அனுப்பக் கடிதம் கேட்டு வந்திருக்கிறாள். கைக்கட்டில் மஞ்சளாகக் கசிந்திருக்கிறது. மருந்து வாடையும் புதுச்சீலைக் கஞ்சி வாடையும் சேர்ந்து அடிக்கிறது. "செருப்போட ஏறி வழுக்கி விழுந்திருச்சுன்னு எழுது, றோலண்டு," என்கிறார் முதலாளி. "செருப்பா? லெச்சுமி இருக்குற எடம்னு வாசல்லயே கழட்ட வைப்பீங்களே, முதலாளி! இப்பிடி எழுதுனா எனக்கு ஒரு சதமும் கெடைக்காதுங்க." "கை போனாலும் வாய் போகல பாரு!" அவர் சிரிக்கிறார், பல்லிடுக்கெல்லாம் பாக்குத்தூள். "சாட்சிக் கையெழுத்து நீயே போட்டுரு, றோலண்டு." "றோலண்டண்ணே, நீங்கதானே என்னயத் தூக்குனீங்க? என் கால்ல செருப்பு இருந்துச்சா?" றோலண்டின் பேனா ஒரு கணம் நிற்கிறது. பிறகு அழகாக, சுழித்து, கையெழுத்துப் போடுகிறது. முதலாளி கடிதத்தை உறையிலிட்டு, வெற்றிலை நாக்கை நீட்டி உறையின் ஓரத்தை நக்குகிறார். சிவப்பு எச்சில் காகிதத்தில் இழுபடுகிறது. உள்ளங்கையால் அழுத்தி ஒட்டுகிறார். லோஜினி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வெளியே மழை. றோலண்ட் கடிதம் நனையாதபடி அதைச் சட்டைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டு தபால் கந்தோருக்கு ஓடுகிறான்.