தக்காளி நசுங்காத பை

நாத்தனார் கைப்பேசியைத் தையல் மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். வைத்த விதத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

தைத்துக்கொண்டிருந்தவள் மிஷினை நிறுத்தினாள். பாதி தைத்த பை ஊசிக்கடியில் அப்படியே நின்றது.

"அண்ணி, நீங்க பாக்க வேண்டாம். நான் அழிச்சிடறேன்."

அவள் கையை நீட்டினாள். நாத்தனார் கொடுக்கவில்லை. அவளும் கையை மடக்கவில்லை.

தக்காளி நசுங்காத பை. அதுதான் அவர்களுடைய சரக்கு. கனமான சாமான் அடியில் போகும், தக்காளியும் முட்டையும் மேலே தனி அறையில் உட்கார்ந்து வரும். நல்ல வேலையை விட்டுவிட்டு இதை நம்பி இறங்கியவள் அவள்.

தைப்பது அவள் பொறுப்பு. விற்பது நாத்தனார் பொறுப்பு. கல்லூரி முடித்த கையோடு விளம்பரப் பிரிவு முழுவதையும் தானே எடுத்துக்கொண்டாள். ஏணியில் ரப்பர் பேண்டு போட்டுக் கைப்பேசியைக் கட்டி ரீல்ஸ் எடுத்தாள். பையை மாடிப்படியில் உருட்டிவிட்டாள். தக்காளி, புது மாப்பிள்ளை மாதிரி கசங்காமல் வெளியே வந்தது.

படப்பிடிப்புக்கு வாங்கியது வீணாகக் கூடாதென்று வீட்டில் தினமும் தக்காளிதான். அவள் கணவன் இப்போதெல்லாம் தட்டில் சிவப்பைக் கண்டாலே பசியில்லை என்கிறான்.

பலன் இல்லாமல் இல்லை. பக்கம் முழுக்க ஐந்து ஐந்து நட்சத்திரம். ஒருவர் "அருமை" என்றார். இன்னொருவர், "என் வாழ்க்கையே மாறிடுச்சு" என்று ஒரு பைக்குக் கொஞ்சம் அதிகமாகவே உருகியிருந்தார். 'நிலாப்பெண்' என்ற பெயரில் ஒருவர், "மேற்படி பை மிகவும் திருப்திகரமாக உள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

குறை என்று ஒருவர்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பழைய அலுவலகத்தில் அவளுடைய இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. வருகிறாளா இல்லையா என்று இன்று சாயங்காலத்துக்குள் சொல்லச் சொல்லியிருந்தார் மேலாளர். "வருகிறேன்" என்று காலையிலேயே அடித்து வைத்துவிட்டாள். அனுப்பத்தான் மனசு வரவில்லை.

எல்லாம் இவ்வளவு நன்றாகப் போகும்போது எதற்காகத் திரும்பவும் அங்கே போக வேண்டும் என்று நாத்தனார் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

இப்போது அண்ணியே எட்டிக் கைப்பேசியை எடுத்துத் திருப்பினாள்.

ஒரே ஒரு நட்சத்திரம்.

"தக்காளி நசுங்கவில்லை. என் விரல்தான் நசுங்கியது. மூன்று மாடி ஏறுவதற்குள் கைப்பிடி கையை அறுத்துவிட்டது. இதைத் தைத்தவர் ஒரு தடவையாவது சாமானைப் போட்டுத் தூக்கிப் பார்த்தாரா?"

கூடவே ஒரு படம். விரித்த உள்ளங்கை. நான்கு விரல்களுக்கும் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு. நகத்தோரத்தில் நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணி இந்த நிமிஷமே அந்த "வருகிறேன்"-ஐ அனுப்பிவிடுவாள் என்று நினைத்திருப்பாள்.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். விரல் விரலாகப் பார்த்தாள்.

"யாரோட கை இது?"

"தெரியலையே அண்ணி. சத்தியமா யாருன்னே தெரியல."

அண்ணி அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். நெஞ்சில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப்போனது. சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணும் நிறைந்தது.

நாத்தனார் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

அவள் திரும்பி வருவதற்குள், "வருகிறேன்" அழிந்துவிட்டது. "வரவில்லை, மன்னிக்கவும்" மேலாளருக்குப் போய்விட்டது.

அடுத்து, விரல் சிவந்தவருக்கு எழுதினாள். "கை இப்போது எப்படி இருக்கிறது? நீங்கள் கேட்டது சரிதான், நான் தூக்கிப் பார்க்கவில்லை. கைப்பிடியை அகலமாக்கி, உள்ளே பஞ்சு வைத்து வேறு பை அனுப்புகிறேன். அதையும் மூன்று மாடி தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்."

தண்ணீரோடு வந்த நாத்தனாரின் கன்னத்தைச் செல்லமாகக் கிள்ளினாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

போன வாரம் மாமியார் வீட்டில், போர்வை எடுக்கப் பரணில் ஏறியதைப் பற்றி இனி யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

அதுவரை எங்கெங்கோ வெவ்வேறு முகவரிகளுக்கு அவள் அனுப்பிய பைகள் அத்தனையும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே நிலாப்பெண் என்று பெயர் ஒட்டிய பை. 'மேற்படி' போடாமல் ஒரு வரிகூட எழுதத் தெரியாதவர் குடும்பத்திலேயே கணவனின் பெரியப்பா ஒருவர்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

யார்மேலும் கோபம் வரவில்லை. போர்வையை மறந்து கீழே இறங்கிவிட்டாள்.

அவற்றில் ஒன்றைக்கூட யாரும் பிரித்திருக்கவில்லை.