முதலில் வணக்கம்

"நாலு வருஷமா சொல்லிக் கொடுத்தீங்களே மாஸ்டர், திருடன் எதிர்ல வந்து நின்னப்ப இவ என்ன செஞ்சா தெரியுமா? குனிஞ்சு வணக்கம் வெச்சா."

செருப்பைக்கூடக் கழற்றாமல் கராத்தே பள்ளியின் வாசலில் நின்று பொரிந்து தள்ளினாள் அந்த அம்மாள். எதிரே இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். பின்னால் அவள் மகள். கல்லூரியில் இரண்டாம் வருடம், கராத்தேயில் கறுப்பு பெல்ட்.

தரைப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த மாஸ்டர், அதைக் கட்டிப்பிடித்தபடியே எழுந்தார்.

"முதல்ல உட்காருங்க மேடம். பொண்ணுக்கு அடிகிடி ஒண்ணும் படலையே?"

"அடி படணும்னா சண்டைன்னு ஒண்ணு நடந்திருக்கணுமே. நேத்து சாயங்காலம் லிஃப்ட் ரிப்பேர். மாடிப்படியில வந்துட்டிருக்கா. மூணாவது மாடித் திருப்பத்துல ஒருத்தன், மூஞ்சி பூரா குல்லா, இவ பையைப் பிடுங்கிட்டான். நான் மேலேருந்து எட்டிப் பார்க்கறேன், இவ முதுகுதான் தெரியுது. 'உதைடி, உதைடி'ன்னு கத்தறேன். இந்த மகராசி ரெண்டு காலையும் சேர்த்து வெச்சு, உள்ளங்கையில முஷ்டியை வெச்சு, இடுப்பு வரைக்கும் குனியறா."

மாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம்?"

"அப்புறம் என்ன? நான் போட்ட சத்தத்துல பையைப் போட்டுட்டு ஓடிட்டான். நான் இல்லேன்னா பை போயிருக்கும்."

அம்மாளின் பார்வை சுவருக்குப் போனது. அங்கே கொட்டை எழுத்தில் பள்ளியின் முதல் விதி: 'முதலில் வணக்கம். வணங்கியவரைப் பதிலுக்கு வணங்காமல் தொடாதே.'

"இதை எழுதி வெச்சா வேற எப்படி இருப்பா? அடுத்த தெரு கராத்தே பள்ளியில படிக்கிற பொண்ணு திருடனை உதைச்சா. பேப்பர்ல போட்டோ வந்துச்சு. ஒரே வாரத்துல முப்பது பேர் புதுசா சேர்ந்திருக்காங்களாம். எங்க குடியிருப்புப் பிள்ளைங்க பதினாறு பேரும் நாளையிலேருந்து அங்கதான் மாஸ்டர்."

பள்ளியில் மொத்தமே இருபத்தொரு பேர். மீதி ஐந்து பேரை வைத்துக்கொண்டு ஹால் வாடகைகூடத் தேறாது. மாஸ்டருக்கு வேறு தொழிலும் தெரியாது.

"மேடம், ஒரு மாசம் டைம் கொடுங்க..."

"அம்மா," என்று குறுக்கிட்டாள் மகள். "பையில ஏதாவது போச்சா?"

"போகல."

"என் மேல ஒரு கீறல்?"

"இல்ல."

"அடுத்த தெருப் பொண்ணு உதைச்சதுல அவ காலுக்கு மாவுக்கட்டு. அது பேப்பர்ல வந்துச்சா? நான் கையையே ஓங்கல, திருடன் பையைப் போட்டுட்டு ஓடியிருக்கான். எது பெரிய வித்தை? நீயே சொல்லு."

அம்மாள் யோசித்தாள். "அப்படிப் பார்த்தா..."

"அப்படியே பாரும்மா. சங்கத்துலயும் சொல்லு. நீ சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

செயலாளரின் முகம் லேசாக மலர்ந்தது. "அது என்னமோ உண்மைதான். சரி, பிள்ளைங்க இங்கயே இருக்கட்டும். ஏன் மாஸ்டர், பெரியவங்களுக்கு வகுப்பு உண்டா? காலையில?"

"உண்டு மேடம்," என்றார் மாஸ்டர். அந்த நொடி வரை அப்படி ஒரு வகுப்பு கிடையாது.

"வா, போலாம்," என்று சொல்லிவிட்டு அம்மாள் படியிறங்கினாள்.

மகள் போகவில்லை. மாஸ்டருக்கு எதிரே வந்து, கால்களைச் சேர்த்து, உள்ளங்கையில் முஷ்டியை வைத்து, நிதானமாகக் குனிந்தாள்.

அடுத்த கணம் மாஸ்டரின் கையிலிருந்த பாய் தொப்பென்று தரையில் விழுந்தது. அவரும் குனிந்தார்.

"சந்தேகமாத்தான் இருந்துச்சு, அதான் நேத்து குனிஞ்சு பார்த்தேன்," என்றாள் அவள் மெதுவாக. "அப்பவும் இதே மாதிரிதான் பையைக் கீழே போட்டுட்டுக் குனிஞ்சீங்க. பேப்பர்ல போட்டோ வரணும்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாஸ்டர், வலிக்காம உதைச்சிருப்பேன்."