சார்ஜர் நடத்திய விசாரணை

கடலோர வீடொன்றில் மாடி ஆன்டெனாவும் லேப்டாப்பில் செருகிய ரேடியோ ரிசீவரும் லேப்டாப் சார்ஜரும் சேர்ந்து வேலை பார்த்தன. கடலுக்குப் போன கணவனின் படகு வயர்லெஸ்ஸில் பேசுவதைக் கேட்கத்தான் பெர்னதெத் அவற்றை வைத்திருந்தாள். ஆனால் அன்று காலையிலிருந்து லேப்டாப்பில் "கொர்ர்ர்" என்ற இரைச்சல் மட்டும்தான்.

"இந்த ஆன்டெனாவைத் தூக்கிக் காயலான் கடையில போடப்போறேன்," என்றாள் பெர்னதெத்.

சார்ஜர் உடனே விசாரணையைத் தொடங்கியது.

"ஏய் ஆன்டெனா, மாடியில காக்காவோட அரட்டையாமே?"

"அது வந்து உக்காருதுங்க ஐயா. நான் வாயே திறக்கறதில்ல."

"ரிசீவர், உனக்குக் காது அடைச்சிருக்கா?"

"நல்லாக் கேக்குதுங்க. பக்கத்துல யாரோ கத்திக்கிட்டே இருக்காங்க."

"யார் அது? என் முன்னாடி வரச் சொல்லு!" சார்ஜர் சூடாகிவிட்டது.

அப்போது கரண்ட் போனது. சார்ஜர் கண்ணை மூடிக்கொண்டது. பேட்டரியில் ஓடிய லேப்டாப்பில் கணவனின் குரல் தெளிவாக வந்தது: "கரைக்குத் திரும்பிட்டோம். வீட்ல சோறு வடிக்கச் சொல்லுங்க!"

பெர்னதெத் சிரித்துவிட்டாள்.

கரண்ட் வந்தது. சார்ஜர் விழித்தது. கொர்ர்ர்.

"நீங்க தூங்கினப்போ நல்லாக் கேட்டுச்சுங்க ஐயா," என்றது ரிசீவர்.

"பொய்! நான் முழிச்சிருந்து ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்ல!"

பெர்னதெத் கையை நீட்டினாள். மாடியில் ஆன்டெனா நடுங்கியது. கை நேராகச் சார்ஜரின் பிளக்குக்குப் போனது.

"இரும்மா, விசாரணை இன்னும் முடியல," என்று சொல்லிக்கொண்டே சார்ஜர் கண்ணை மூடியது.