தந்தி அறுந்த பாட்டு

"அக்கா, உங்க ஒரு கடைலேருந்து மட்டும் நூத்தி நாப்பத்திமூணு ஓட்டு. அத்தனையும் என் ஒரே பாட்டுக்கு" என்று சொல்லும்போதே ஏகாம்பரத்துக்குப் பிட்ட இட்லியை வாயில் வைக்க மறந்துபோனது.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய நாஷ்டா கடையில், தோசையைத் திருப்பிக்கொண்டே ஆதிலட்சுமி நிமிர்ந்தாள். "பின்ன இன்னா தம்பி? அதக் கேக்காம எனக்குப் பொழுதே விடியாது."

ஏகாம்பரத்தின் ஏரிக்கரை இசைக்குழு, கிதாரையும் பம்பையையும் சேர்த்துக் கட்டி, சொந்தமாகக் கிராமத்துப் பாட்டுகள் போடும் குழு. தாமலிலிருந்து காவாந்தண்டலம் வரை அவர்கள் கேசட் ஓடாத டிராக்டர் கிடையாது. அது ஓடினால்தான் எருமை பால் சுரக்கும் என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தவர்கள் உண்டு. குழுவுக்கு இது பத்தாவது வருஷம். மூன்று கேசட்டிலும் ரசிகர்களுக்குப் பிடித்த பாட்டுகளைப் பொறுக்கி ஒரே கேசட்டாகப் போடுவதற்காகக் கடைக்குக் கடை ஓட்டுப்பெட்டி வைத்திருந்தார்கள்.

"மொத கேசட்டுக்கு ஈடே கெடையாதுண்ணா" என்றான் பக்கத்து பெஞ்சில் ஆட்டோக்கார ஹரி. "ரெண்டாவதுல கீபோர்டு போட்டுப் பேஜார் பண்ணிட்டீங்க. 'டிராக்டர் லைட்டு' பாட்டு மட்டுந்தான் தேறுச்சு."

"அப்ப அதுக்குத்தான ஓட்டுப் போட்ட?"

ஹரி ஆதிலட்சுமியை ஓரக்கண்ணால் பார்த்தான். "இல்லண்ணா, 'களத்துமேட்டுக் காத்து'க்கு. ஓட்டுக்கு ஒரு வடைன்னு அக்கா சொல்லிட்டாங்க. எனக்கு அன்னிக்கு நல்ல பசி. ஆறு ஓட்டுப் போட்டேன்."

ஏகாம்பரத்துக்குக் கோபம் வரவில்லை. கண்தான் கலங்கியது. ஒரு பாட்டுக்காக நூற்று நாற்பத்துமூன்று வடை சுடுகிற ரசிகை எந்தப் பாடகனுக்கு வாய்த்திருக்கிறாள்?

'களத்துமேட்டுக் காத்து' அவர் முதன்முதலாக எழுதி மெட்டுப் போட்ட பாட்டு. அது முடிவதற்குள் நாற்று நட்டு அறுப்பும் முடித்துவிடலாம் என்று குழுவில் எல்லோரும் கேலி பேசுவார்கள். காவாந்தண்டலம் திருவிழாவில் நேரடியாகப் பதிவு செய்த மூன்றாவது கேசட்டில் அது இருந்தது. பாதிப் பாட்டில் கிதார் தந்தி 'டொய்ங்' என்று அறுந்தது. வேறு தந்தி மாட்டி மறுபடி ஆரம்பிக்கும்வரை மேடையில் மௌனம். கைதட்டலைப் பிடிப்பதற்காகக் கூட்டத்துக்கு நடுவே தொங்கவிட்டிருந்த மைக், அந்த மௌனத்தையும் அப்படியே விழுங்கி வைத்திருந்தது. ஏகாம்பரம் அந்தக் கேசட்டைப் போட்டால் 'டொய்ங்' வந்ததுமே அணைத்துவிடுவார். அதற்கு மேல் ஒருநாளும் கேட்டதில்லை.

"இந்தப் பாட்டத் தூக்கிடணும்னு பசங்க ஒத்தக் கால்ல நின்னானுங்கக்கா. உங்களாலதான் இப்ப மொத எடத்துல கீது. இந்த நன்றிய மறக்கவே மாட்டேன். நாளைக்கே மெட்ராஸ் போயி, ஸ்டுடியோவுல புதுசா, சுத்தமாப் பாடிக் குடுத்துடறேன்."

ஆதிலட்சுமியின் கையிலிருந்த கரண்டி தோசைக்கல்லில் விழுந்தது.

"புதுசாவா? ஐயய்யோ, அதெல்லாம் வாணாம்."

"தந்தி அறுந்தது அசிங்கமா கீதேக்கா."

"எனுக்கு அந்தப் பழசுதான் வோணும். என் கேசட்டு போட்டுப் போட்டுத் தேஞ்சுபோச்சு. கடையில கேட்டா இல்லன்றான். புதுக் கேசட்டுல அதே பாட்டு வரும்னுதான் மாஞ்சு மாஞ்சு வடை சுட்டேன். நீ மாத்திப் பாடிட்டா நான் எங்க போவேன்?"

"காரமா, காரம் கம்மியா?" என்று ஏகாம்பரத்தின் தட்டுக்கு மேல் ஒரு கரகரத்த குரல் கேட்டது. சட்னி வாளியுடன் ஆதிலட்சுமியின் கணவர் ராஜாராம். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் இந்தக் கேள்வியைத் தவிர அவர் வேறெதுவும் பேசியதாக ஊரில் சாட்சி இல்லை. அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க வேண்டுமானால் தாசில்தாரிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

"இன்னாங்க, தேங்கா தீந்துபோச்சு. போயி வாங்கியாங்க" என்றாள் ஆதிலட்சுமி.

அவர் காலடியில் ஆறு தேங்காய்கள் கிடந்தன. அவற்றைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் தெருமுனை திரும்பியதும் ஆதிலட்சுமி டேப் ரிக்கார்டரை இழுத்து, கேசட்டைச் சரியான இடத்துக்கு ஓட்டி அழுத்தினாள். ஏகாம்பரத்தின் குரல் உச்சிக்கு ஏறியது. 'டொய்ங்.' அவர் கை தானாகப் பட்டனுக்குப் போனது.

"கைய எடு தம்பி. இனிமேதான் கீது" என்று தடுத்தாள்.

கூட்டத்தின் இரைச்சல். ஒரு குழந்தையின் அழுகை. யாரோ அடித்த விசில். அப்புறம் மைக்குக்கு வெகு அருகில், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற ஒரு கரகரத்த குரல்:

"இவன் இன்னா பாடறான்? எங்கூட்டு ஆதிலட்சுமி மாவாட்டிக்கினே பாடுவா பாரு, அதான்யா பாட்டு. அதக் கேக்கறதுக்காவத்தான் நான் தெனம் கோழி கூவறதுக்கு முன்னாடியே எந்திரிச்சிக் குந்திக்கினு கீறேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதே."

ஆதிலட்சுமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உன் தந்தி அறுந்துச்சே, நீ நல்லா இருக்கணும் தம்பி. இது மட்டும் அப்படியே இருக்கட்டும், நீ பாடறத வேணும்னா வெட்டிக்கோ."